தவிடும் ஒரு டம்ளர் தண்ணீரும்

சித்தப்பாவை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது கண்ணாடி டம்ளரில் தண்ணீர். தாகத்துக்கு என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு அந்த வீட்டு ரொட்டியைத் தேடுவார். பழுப்பு ரொட்டியாக இருந்துவிட்டால் தீர்ந்தது. ஒரு துண்டின் நடுவிலிருந்து கொஞ்சம் பிய்த்துத் தண்ணீரில் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். பத்து நிமிடம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவந்தாலும் அவர் கண் டம்ளரைவிட்டு நகராது.

தண்ணீர் மெல்ல மெல்லத் தேநீர் நிறத்துக்கு வரும். அவர் முகத்தில் அப்போது ஒரு துக்கமும் ஒரு திருப்தியும் சேர்ந்து தெரியும். "தவிடு சாயம் விடாது. இது கருக்கின சர்க்கரை. மைதாவுக்குப் பழுப்புச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கான்" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தது எதிர்வீட்டுத் தையல்காரர். "அண்ணே, நீங்க வந்துட்டுப் போனாலே எங்க வீட்ல ஒரு வேளைச் சாப்பாடு மிச்சமாகுது" என்று அவர் ஒருமுறை சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. தையல்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தார்.

பாம்பின் கால் பாம்பறியும். சித்தப்பா இருபத்தெட்டு வருடம் ஒரு பெரிய பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். அந்தப் பேக்கரியின் 'உடம்புக்கு நல்லது' ரொட்டிக்குப் பழுப்பு நிறம் கொடுத்தவரே அவர்தான். பத்து கிலோ மைதாவுக்குக் கருக்கிய சர்க்கரைப் பாகு ஒன்றரைக் கரண்டி. கூடினால் கசக்கும், குறைந்தால் வெளுக்கும். அச்சில் இட்ட பிறகு மேலே ஒரு பிடி தவிடு தூவிவிட்டால், நாக்கில் நெருடும். வாங்குகிறவர் முழுத் தானியத்தையே தின்றதாக நினைத்துக்கொள்வார். இந்தக் கணக்கைச் சித்தப்பா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சமயத்தில் வெட்கத்தோடு, பெரும்பாலும் பெருமையோடு. டம்ளர் சோதனையும் பட்டறையில் அவராகக் கண்டுபிடித்ததுதான். எந்தப் புத்தகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் சந்தேகப்படாத பொருள் எங்கள் வீதியில் இல்லை. பால்காரரின் அளவுக்குவளைக்கு அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையின் தேதியைத் தான் படித்ததும் பக்கத்தில் நிற்கிறவரையும் படிக்கச் சொல்வார். பேருந்தில் நடத்துநர் "அடுத்த நிறுத்தம்" என்றால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வார். ஆனால் அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. என் அப்பா இறந்த பிறகு இப்படி ஆனார்.

அப்பா அவருக்கு மூன்று வயது மூத்த அண்ணன். அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்தார், அப்பா நம்பினார். சூடு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள், அதையும் நம்பினார். ஒரு வருடம் நம்பிக்கொண்டே இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தபோது பெருங்குடலில் புற்று முற்றிப்போயிருந்தது. ஐம்பத்திரண்டு வயது. அடக்கம் முடிந்து வந்த அன்று சித்தப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"உங்கப்பன் எல்லாரையும் நம்புனான்டா."

அடுத்த மாதம் செய்தித்தாளின் உள்பக்கத்து மூலையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. முழுத் தானியங்களை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தவிட்டில் இருக்கும் நார்ச்சத்து ஒரு காரணமாக இருக்கலாம். அவ்வளவுதான். சித்தப்பா அதைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறையில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அச்சில் வந்த எதையும் நம்பாத மனிதர் அந்த ஏழு வரியை மட்டும் நம்பினார். அன்றிலிருந்து வீட்டுக்குத் தனி ரொட்டி. ஓய்வு பெறும்வரை இன்னும் ஒன்பது வருடம் பட்டறையில் ஊருக்குப் பாகு ஊற்றிக்கொண்டேதான் இருந்தார். தன் குடலுக்கு மட்டும் தவிடு.

கோதுமை வாங்கும் நாளில் அவரோடு போவது ஒரு தண்டனை. சாக்கின் மேலே கை வைக்க மாட்டார். முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளுவார். கடித்துப் பார்ப்பார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மோந்து மட்டும் பார்க்க மாட்டார். இருபத்தெட்டு வருடம் மாவுத்தூசி ஏறியதில் அவருக்கு மூக்கு அடைத்துப்போயிருந்தது. பூவும் புகையும் அவருக்கு ஒன்றுதான்.

மாவு மில்லில் இன்னும் மோசம். முந்தின ஆளின் மாவு குழாயில் மிச்சமிருக்கும் என்று குழாயைத் தட்டச் சொல்வார். தன் கோதுமையின் கடைசி மணி உள்ளே போகும்வரை நின்று, மாவு சூடாக வெளியே வரும்போது உள்ளங்கையில் பிடித்து, தவிடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று விரலால் பரப்பிப் பார்ப்பார். "எனக்குப் பொண்ணு குடுத்த மாமனார்கூட என்னை இவ்வளவு சந்தேகப்படல" என்பார் மில்காரர். சித்தப்பா அதைக் காதில் வாங்காமல் பையின் வாயைத் தன் கையாலேயே கட்டுவார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். சந்தேகத்தையும் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கும். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடச் சித்தி மாவு பிசையும்போது அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பட்டறையில் காலமெல்லாம் மாவோடு நின்றவருக்கு வீட்டிலாவது அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

நான் ஞாயிறுதோறும் அங்கே சாப்பிடப் போவேன். எனக்குக் கேள்வி கேட்க வராது, பார்த்துக்கொண்டிருக்க வரும். மூன்று விஷயங்களைப் பல வருடமாகப் பார்த்திருந்தேன். ஒன்று, தவிட்டோடு பிசைகிற வீட்டில் சல்லடை எதற்கு என்பது. அது கதவுக்குப் பின்னால், துவாலைக்கு அடியில் தொங்கும், பல நாள் ஈரமாக இருக்கும். இரண்டாவது, மாடிப்படியில் ஏறும்போதே வரும் வாசனை, சர்க்கரை தீய்கிற மாதிரி. ஆனால் இனிப்பு எதுவும் சாப்பாட்டில் இருக்காது. மூன்றாவது, பின்வீட்டில் கோழி வளர்க்கும் அம்மா. வாரம் ஒருமுறை ஒரு சின்னப் பையோடு பின்கதவு வழியாகப் போவார். என்னைப் பார்த்தால் பையை இடுப்புக்கு மறுபக்கம் மாற்றிக்கொள்வார். அவருடைய கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன.

எனக்கு மூக்கு இருந்தது. வாய்தான் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்று, சுவரில் ஏதோ விரிசலைப் பார்ப்பதுபோல் நடித்துவிட்டு, மறுபடி ஏறுவார். முகம் வெளுத்துவிட்டது. மாவு தூவின மாதிரி இருக்கிறார் என்று சித்தி சொன்னார். ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். சின்ன வயசு, ஆனால் நிதானமானவர். ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார். குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்று கேட்டார். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நானும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டேன் என்று தெரிந்தது.

மலத்தைச் சோதிக்க ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். சித்தப்பா அதைக் கொண்டுபோன விதத்தைச் சொல்ல வேண்டும். மூடிமேல் காகிதம் ஒட்டி, மூடியும் டப்பாவும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு, யாரும் திறந்தால் தெரிந்துவிடும்படி செய்திருந்தார். ஆய்வகத்துப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதை நாங்க திறந்துதான் பாக்கணும்" என்றாள்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தது. டப்பா மாறிவிட்டது என்றார் சித்தப்பா. மறுபடி கொடுத்தார், மறுபடியும் அதே முடிவு. டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: குடலுக்குள் குழாய் விட்டுக் கேமராவில் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். சமையலறைச் சுவரில் இருந்த அந்தச் செய்தி, பிளாஸ்டிக் உறையோடு. கிளம்பும் முன்பே பிய்த்து எடுத்து வந்திருக்கிறார்.

"இதைப் படிங்க. நான் பதினோரு வருஷமா தவிட்டோட சாப்பிடுறவன். கடை ரொட்டி ஒரு வாய் தொட்டதில்ல. எனக்கு எப்படி வரும்?"

டாக்டரம்மா படித்தார். தள்ளிவிடவில்லை. "இதுல சொல்லியிருக்கிறது சரிதான் ஐயா. தவிட்டோட சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து கொஞ்சம் குறையுது. குறையுதுன்னா இல்லாமப் போகுதுன்னு அர்த்தம் இல்லை. குடை பிடிச்சுட்டுப் போறோம், கால் நனையறது இல்லையா? உங்க கூடப் பிறந்தவருக்கு இருந்திருக்கு. ரத்தம் போகுது. உள்ள பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

"பாத்தா ஏதாவது சொல்லித்தானே ஆகணும்" என்று சித்தப்பா எழுந்துவிட்டார். உறையை எடுத்துக்கொண்டார். தாளை மேசையிலேயே விட்டுவிட்டார். நான் அதை மடித்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். டாக்டரம்மாவுக்கும் அந்தக் கேமரா வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்கும் என்ன தொடர்பு என்று விசாரித்தார். ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்று தெரிந்ததும், "சொன்னேன்ல" என்றார். குழாய் விட்டதில் குடல் ஓட்டையான யாரோ ஒருவரின் கதையைத் தையல்காரரிடம் கேட்டு வந்தார். அந்த ஆளின் பெயரும் ஊரும் தையல்காரருக்கே தெரியாது. என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொட்டியை மட்டும் முன்பைவிட ஒரு துண்டு அதிகமாகச் சாப்பிட்டார். செய்தியைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்து மென்றார். மூன்றாவது வாரம் படியில் இரண்டு இடத்தில் நின்றார்.

அந்த ஞாயிறு அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்தே விட்டார், சத்தத்துக்காக.

"தம்பி, உனக்குத் தெரியும்ல?"

என்னது என்று நான் கேட்கவில்லை. சல்லடை இருக்கும் கதவைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

சித்தி சொன்னது இதுதான். முதல் இரண்டு மாதம் உண்மையாகவே தவிட்டோடுதான் செய்திருக்கிறார். செங்கல் மாதிரி ரொட்டி. சித்தப்பாவுக்கு வயிறு உப்பி, பிசைந்து, ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறார்; கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் கடைவாய்ப் பல்லில் ஒரு துணுக்கு உடைந்துபோனது. அதையும் கையில் வைத்து மறைத்தார். பார்க்கப் பொறுக்காமல் சித்தி பாதி மாவைச் சலித்தார். வயிறு அடங்கியது. "பாத்தியா, குடல் பழகிருச்சு" என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அடுத்த மாதம் முழுவதையும் சலித்தார். ரொட்டி வெளுத்துவிட்டது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கணக்குதான்.

"இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப அந்த ரொட்டியை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்குறாரு. எமனுக்கு வழி விட்டு உக்காந்திருக்கேன் நான்." சித்தி கண்ணைத் துடைக்கவில்லை. கையில் சோப்பு இருந்தது. "அது வந்ததே என்னாலயோ என்னவோ. நீ சொல்லேன் தம்பி. நீ சொன்னா நம்புவாரு."

அவர் யாரை நம்பியிருக்கிறார்? நான் சொன்னால், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது என்பார். சித்தி சொன்னாலும் அதையேதான் சொல்வார். பாத்திர அடுக்கில் கண்ணாடி டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "சொன்னா நம்ப மாட்டாரு சித்தி. காட்டுனாத்தான்."

சித்தியும் அந்த அடுக்கைப் பார்த்தார். குழாயை மூடினார்.

மறு ஞாயிறு மத்தியானம். சித்தப்பா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தட்டில் நான்கு துண்டு ரொட்டி, பக்கத்தில் சூப்பு. தட்டின் வலதுபக்கம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அவர் குடிக்கக் கை நீட்டினார். சித்தி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தட்டிலிருந்த ஒரு துண்டின் நடுவைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன். பிறகு அவர் டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தார். மற்றவர் வீடுகளில் பார்ப்பதுபோலவே, கண் நகராமல்.

பத்து நிமிடம் ஆகவில்லை. ஆறாவது நிமிடத்திலேயே துண்டைச் சுற்றி ஒரு பழுப்புப் புகை இறங்கியது. எட்டில் அடிவரை வந்துவிட்டது.

"இது கடை ரொட்டி" என்றார் சித்தப்பா. "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கி வச்சிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தா, அந்த டாக்டரம்மாவா?"

சித்தப்பா எழுந்து சமையலறைக்குள் போனார். ரொட்டி டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது, கத்தி எடுக்கிற சத்தம், குழாய்ச் சத்தம். இன்னொரு டம்ளரோடு வந்தார். அவரே அறுத்த துண்டு, அவரே பிடித்த தண்ணீர். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். சூப்பு ஆறி மேலே ஏடு படிந்தது. யாரும் தொடவில்லை.

இரண்டாவது டம்ளரும் முதல் டம்ளரின் நிறத்துக்கு வந்து நின்றது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். சித்தப்பா குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். தட்டு பறக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் துண்டை விரலால் எடுத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோதுமையைப் பார்க்கிற அதே பார்வை.

"எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு கிலோவுக்கு, சின்ன ஸ்பூன்ல ஒண்ணரை."

"மேல நெருடுதே, அது?"

"ஒரு பிடி தவிடு. நீங்க சொன்னதுதான். வயித்துவலியில ராத்திரியெல்லாம் நீங்க புரண்டதைப் பாக்க முடியல, அதான் சலிச்சேன்."

சித்தப்பா தலையாட்டினார். "நிறம் சரியா வந்திருக்கு. நானே கண்டுபிடிக்கல" என்றார். அதைச் சொன்ன குரலில் இருந்தது பாராட்டா வசவா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பிறகு அவர் எழுந்து சுவரில் இருந்த செய்தியின் முன்னால் போய் நின்றார். படிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடி போடாமல் அவருக்கு அது படிக்க வராது.

"வயித்துவலின்னு நான் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல படுத்திருக்கவளுக்குத் தெரியாதா?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஊர்ல எல்லார் வீட்டு ரொட்டிக்குள்ளயும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். என் வயித்துக்குள்ள என்ன போச்சுன்னே எனக்குத் தெரியல. அங்க என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" இதை யாரிடமும் சொல்லவில்லை, டம்ளரிடம் சொன்னார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "அந்தத் தாளை நீதானே எடுத்து வச்சிருக்க. குடு."

இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

சோதனைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று நாளைக்கு என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று. தவிடு கூடாது, முழுத் தானியம் கூடாது, வெள்ளை ரொட்டி சாப்பிடலாம். குடல் சுத்தமாக இருந்தால்தான் கேமராவில் தெரியும் என்று நர்சு விளக்கினார். சித்தப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார், என்னையும் படிக்கச் சொன்னார். "இத்தனை வருஷம் உங்க சித்தி இந்தச் சோதனைக்குத்தான் என்னைத் தயார் பண்ணியிருக்கா" என்றார். அன்றைக்குத்தான் சித்தி பல நாள் கழித்துச் சிரித்தார்.

வயிற்றைக் கழுவக் கொடுத்த மருந்துத் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மயக்க ஊசி போட வந்தவரிடம் மருந்துக் குப்பியின் தேதியைக் காட்டச் சொன்னார். அவர் காட்டினார். பிறகுதான் சித்தப்பா கையை நீட்டினார்.

வெளியே சித்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். சித்தி மடியில் கையைக் கோத்து, கட்டைவிரலால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாவு ஒட்டியிருந்தால் அப்படித்தான் தேய்ப்பார்.

இரண்டு சதை முளைகள் இருந்தன. ஒன்று பெரியது, அதிலிருந்துதான் ரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டையும் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குப் போய் எட்டு நாளில் முடிவு வந்தது: புற்று இன்னும் ஆகவில்லை, விட்டிருந்தால் ஆகக்கூடியது. முடிவைக் கேட்க டாக்டரம்மா முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். வெட்டி எடுத்ததைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று சித்தப்பா கேட்டார். அது ஆய்வகத்தில் இருக்கிறது, படம் இருக்கிறது என்று டாக்டரம்மா படத்தைக் காட்டினார். சித்தப்பா உற்றுப் பார்த்தார். "ஈஸ்ட் அதிகமான மாவு மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு, சித்தி இருக்கிற பக்கம் திரும்பாமலே, ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டரம்மா, நான் தவிட்டோட சாப்பிட்டதா சொன்னேன். சாப்பிடல. பதினோரு வருஷமா மைதா மாதிரி சலிச்ச மாவுதான். அதனாலதான் வந்துச்சா?"

சித்தியின் கட்டைவிரல் நின்றது.

டாக்டரம்மா அவரை ஒரு கணம் பார்த்தார், சித்தியையும் பார்த்தார். "அதனாலதான்னு என்னால மட்டும் இல்லை, யாராலயும் சொல்ல முடியாது. தவிட்டோட சாப்பிட்டிருந்தா வாய்ப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனாலும் வந்திருக்கலாம். சாப்பிடாதவங்க நிறையப் பேருக்கு வராமலே இருக்கு. உங்க அண்ணனுக்கு வந்தது, உங்க வயசு, இதெல்லாம் இதைவிடப் பெரிய காரணம். இனிமே தவிட்டோட சாப்பிடுங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, தண்ணி நிறையக் குடிங்க. அப்ப வயிறு வலிக்காது. மூணு வருஷத்துல மறுபடி வந்து பாக்கணும். ரொட்டியைக் காட்டித் தப்பிக்கக் கூடாது."

"எழுதிக் குடுங்க" என்றார் சித்தப்பா.

வெளியே வந்து படியிறங்கும்போது சித்தி பின்னால் வந்தார். சித்தப்பா நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியா?" என்றார். "கேட்டேன்" என்றார் சித்தி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவர் அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது கால்வாசித் தவிட்டோடு ஆரம்பித்து, அரைவாசிக்கு வந்திருக்கிறார்கள். வயிறு உப்பினால் சித்தப்பா உடனே சொல்லிவிடுகிறார், சற்று அதிகமாகவே சொல்கிறார். சல்லடை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மற்ற பாத்திரங்களோடு தொங்குகிறது. பின்வீட்டுக் கோழிக்காரம்மா ஒருமுறை வந்து, தவிடு ஏன் குறைந்துவிட்டது என்று சித்தப்பாவிடமே கேட்டுவிட்டார். "இப்ப கோழிக்குப் பதிலா நான் சாப்பிடறேன்" என்று அவர் பதில் சொன்னதாகச் சித்தி சொன்னார். சுவரில் பழைய செய்திக்குக் கீழே டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளும் ஒட்டியிருக்கிறது. அதற்கும் கீழே பென்சிலால் இன்னொரு வருடம் எழுதியிருக்கிறது. அது எனக்கு நாற்பது ஆகிற வருடம். அப்பனுக்கு வந்திருந்தால் பிள்ளை அந்த வயதிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டு வந்திருக்கிறார். "நீ போவேன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கூட வந்து நின்னு பாப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைமேல் தட்டோடு டம்ளரும் வருகிறது. சித்தியே கொண்டுவந்து வைக்கிறார். சித்தப்பா ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். துண்டு ஊறுகிறது, தவிட்டுத் துணுக்குகள் சில பிரிந்து அடியில் படிகின்றன, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்கிறார் சித்தி.

"இரு, பத்து நிமிஷம் ஆகட்டும்" என்கிறார் அவர்.